தூக்கும் எடையா, தூக்கும் வேகமா? விளையாட்டு வீரர்களின் பலப் பயிற்சியில் மாறிவரும் அளவுகோல்

கௌதள்ளி: கடந்த 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஒரே நாளில் இரண்டு பதக்கங்களைக் கிலோ கணக்கில் பறிகொடுத்தது. காலையில், மகளிர் 50 கிலோ மல்யுத்தத்தில் இறுதிப்போட்டி வரை முன்னேறியிருந்த வினேஷ் போகத், நிர்ணயிக்கப்பட்ட எடையைவிட 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இந்திய நேரப்படி அன்றிரவு, மகளிர் 49 கிலோ பளுதூக்குதலில் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவின் கடைசி முயற்சியில் மீராபாய் எடுத்த 114 கிலோ அவரது கைகளில் நிலைக்கவில்லை. 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் அதே பிரிவில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விரு தோல்விகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஆயினும் இரண்டும் ஒரே உண்மையை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தன. உச்சநிலைப் போட்டிகளில் ஒரு வீரரின் உடலுக்கு மிகாமலும் குறையாமலும் பயிற்சி அளிப்பதே இன்று முதன்மையான சிக்கல். அந்தச் சிக்கலுக்கு உலகின் பல நாடுகள் கண்டிருக்கும் விடைகளுள் ஒன்று, தூக்கும் பளு எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு வேகமாக மேலெழுகிறது என்பதையும் அளந்து, அந்த அளவைக் கொண்டே அன்றைய பயிற்சியைத் தீர்மானிக்கும் முறையாகும்.

கௌதள்ளி போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால் பாரிஸ் வெகு தொலைவு. ஆனால் உடலை வலுவாக்கும் மரபு இந்தப் பகுதிக்குப் புதிதன்று. மைசூருவின் மல்யுத்தப் பயிற்சிக் கூடங்களைக் கன்னடத்தில் 'கரடி மனெ' என்பர். தமிழில் எழுதும்போது விலங்கின் பெயராக மயங்க வைக்கும் இச்சொல், அங்கே செம்மண் பரப்பிய ஆடுகளத்தையும் கர்லாக்கட்டையையும் குருவின் கண்டிப்பையும் நினைவுபடுத்துவது. தசரா விழாவையொட்டி மைசூரு தேவராஜ் அர்ஸ் அரங்கில் நடைபெறும் மல்யுத்தப் போட்டிகளும், விஜயதசமியன்று அரண்மனை வளாகத்தில் ஜெட்டி மரபினர் மோதும் வஜ்ரமுஷ்டியும் இம்மரபின் எச்சங்கள்.

இந்த மரபின் அளவுகோல் எண்ணிக்கை. இன்று எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி என்பதே கேள்வி. 1910-இல் லண்டன் சென்று உலகப் புகழ் பெற்ற காமா பயில்வான் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தார் என்ற செய்தி, தலைமுறை தலைமுறையாகப் பயிற்சிக் கூடங்களில் சொல்லப்பட்டு வருகிறது. அதனால் உடல் தளர்ந்து விழும்வரை செய்வதே உழைப்பு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. பள்ளி மைதானங்களும் விளையாட்டு விடுதிகளும் நவீன பளுக் கம்பிகளுக்கு மாறிய பின்பும் அந்த எண்ணம் மாறவில்லை.

சதவீதப் பட்டியலின் குறை:

நவீனப் பயிற்சி முறை எண்ணிக்கையோடு சதவீதத்தையும் சேர்த்தது. ஒரு வீரரால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையைச் சோதித்து, அதில் இத்தனை சதவீதத்தை இத்தனை முறை தூக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வாரக்கணக்கில் பட்டியல் எழுதித் தருவார். உலகெங்கும் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது இதைத்தான். பலன் தராத முறை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பட்டியல் எழுதப்பட்ட நாளின் உடல், பயிற்சி நடக்கும் நாளின் உடல் அன்று. எடுத்துக்காட்டாக, ஸ்குவாட்டில் 100 கிலோ தூக்கும் ஒரு மாணவருக்கு 80 சதவீதம், அதாவது 80 கிலோ எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். தேர்வுக்காலம், காய்ச்சல், இரவு ரயில் பயணம் ஆகியவற்றால் அவரது அன்றைய திறன் 92 கிலோவாகக் குறைந்திருந்தால், அதே 80 கிலோ அவருக்கு ஏறத்தாழ 87 சதவீதச் சுமையாகிவிடும். மாறாக, ஒரு மாதப் பயிற்சியில் அவர் 110 கிலோவிற்கு உயர்ந்திருந்தால், அது வெறும் 73 சதவீதம். முதல் நிலையில் அவர் காயத்தை நெருங்குகிறார். இரண்டாவதில் நேரத்தை வீணாக்குகிறார். தாளில் இரண்டும் 80 கிலோதான்.

கம்பி நகரும் வேகம் இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுக்கிறது. தசை எவ்வளவு கனமான சுமையைத் தள்ளுகிறதோ, அவ்வளவு மெதுவாகவே சுருங்க முடியும். இந்த உறவைத் தவளையின் தசையில் அளந்து 1938-இல் சமன்பாடாக வகுத்தவர் பிரிட்டன் உடலியலாளர் ஏ.வி. ஹில். 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பளுவை எவ்வளவு வேகமாக இயலுமோ அவ்வளவு வேகமாகத் தூக்க முயலும்போது, அது நகரும் வேகமே அந்த வீரருக்கு அன்று அது எவ்வளவு கனம் என்பதைச் சொல்லிவிடும்.

இதனைப் பயிற்சிக்கூடத்திற்கு ஏற்ற எண்களாக மாற்றியதில் ஸ்பெயினின் செவில் நகர ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கோன்சாலெஸ் பாடியோ, சான்செஸ் மெதினா ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 120 இளைஞர்கள் மல்லாந்து படுத்துப் பளுவை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் சோதிக்கப்பட்டனர். ஒருவர் தம் உச்ச எடையைத் தள்ளும்போது கம்பியின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 0.16 மீட்டராக இருந்தது. அவர்களுள் 56 பேரை 6 வாரப் பயிற்சிக்குப் பின் மீண்டும் சோதித்தபோது, அவர்கள் தள்ளும் எடை சராசரியாக 9 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆனால் உச்ச எடையை எட்டும் வேகம் அதே 0.16 மீட்டரில்தான் நின்றது. பலம் கூடினாலும், ஒரு குறிப்பிட்ட சதவீதச் சுமைக்கு உரிய வேகம் ஏறக்குறைய மாறாதிருக்கிறது. எனவே அடிக்கடி உச்ச எடையைச் சோதித்து உடலை வருத்தாமல், இடைநிலை எடையின் வேகத்தைக் கொண்டே அன்றைய திறனை மதிப்பிடலாம் என்ற முடிவுக்கு இது வழிவகுத்தது.

பெஞ்ச் பிரஸ் என்றவுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான பளுதூக்குதல் நினைவுக்கு வர வேண்டும். அந்தப் போட்டியின் ஒரே இயக்கம் அதுதான். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சுதீர் அதில் தங்கம் வென்றார். இந்த வேகக் கணக்கு மிக நேரடியாகப் பொருந்தக்கூடிய விளையாட்டும் அதுவே. ஆயினும் அங்கே கம்பியை மார்பில் ஒரு கணம் நிறுத்திய பிறகே தள்ள வேண்டும் என்பதால், எண்களைப் பயிற்சியாளர்கள் தத்தம் வீரருக்கேற்பத் தாமே கண்டறிய வேண்டியிருக்கும்.

பெயரிலேயே ஒரு பிழைப்புரிதல்:

மொழிபெயர்ப்பு மேசையில் இம்முறைக்குப் பெயர் வைப்பது எளிதாக இல்லை. இயற்பியல் பாடநூல் 'வேகம்', 'திசைவேகம்' என்று இரண்டாகப் பிரிக்கிறது. இலக்கணச் சுத்தமாகச் செய்தால் 'திசைவேகம் சார்ந்த தடைப்பயிற்சி' என்று வரும். அதைப் படித்துவிட்டு எந்தப் பயிற்சியாளரும் கம்பியைத் தொடமாட்டார். 'வேகப் பயிற்சி' என்று சுருக்கினால் பொருளே மாறிவிடுகிறது. எடையைக் குறைத்து விறுவிறுவென்று செய்வதுதான் இது என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் முழு முயற்சியோடு தள்ளினாலும் கனமான பளு மெதுவாகத்தான் நகரும். அந்த மெதுவைத்தான் இங்கே அளக்கிறார்கள். இக்கட்டுரையில் 'வேகவழிப் பயிற்சி' என்ற சொல் கையாளப்படுகிறது.

எப்போது நிறுத்துவது?

எடையைத் தேர்ந்தெடுக்க உதவுவது இம்முறையின் ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வது. ஒரு செட்டில் முதல் முறை தூக்கும்போது இருந்த வேகம், சோர்வு ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். எத்தனை சதவீதம் குறைந்ததும் கம்பியை வைத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வதே இதன் நடைமுறை. பத்து முறை என்று எழுதியிருந்தாலும், ஆறாவது முறையிலேயே வேகம் அந்த எல்லைக்குக் கீழே போனால் அன்றைய செட் முடிந்தது.

இதே ஆய்வு மரபில் வந்த பரேஹா பிளாங்கோ குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு கவனத்திற்குரியது. 22 ஆண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 8 வாரங்களுக்கு வாரம் இருமுறை ஸ்குவாட் பயிற்சி மேற்கொண்டனர். ஒரு குழு வேகம் 20 சதவீதம் குறைந்ததும் நிறுத்தியது. மற்றொன்று 40 சதவீதம் குறையும்வரை, அதாவது பல செட்டுகளில் ஏறத்தாழ இனி இயலாது என்ற நிலை வரை சென்றது. முதல் குழுவினர் தூக்கிய மொத்த எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் குறைவு. ஆயினும் இரு குழுக்களுக்கும் ஸ்குவாட் பலம் ஏறக்குறைய சமமாகவே உயர்ந்தது. நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கித் தாவும் உயரமோ முதல் குழுவில் 9.5 சதவீதமும், இரண்டாவதில் 3.5 சதவீதமும் கூடியது. இரண்டாவது குழுவிற்குக் கிடைத்த தெளிவான ஆதாயம் தொடைத்தசையின் பருமன். அதற்கு விலையாக, மிக வேகமாகச் சுருங்கும் வகைத் தசைநார்களின் பங்கு அவர்களிடம் குறைந்தது.

22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் ஒலிம்பிக் வீரர்களும் அல்லர். இருப்பினும் எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகளுக்கு இந்த முடிவு சொல்லும் செய்தி மிகப் பெரிது. உடற்கட்டுப் போட்டியாளருக்குத் தசைப்பருமன் தான் பரிசு. மல்யுத்த வீரருக்கும் பளுதூக்கும் வீரருக்கும் அது எடை பார்க்கும் தராசில் ஏறும் சுமை. தேவைக்கு மேல் வளர்ந்த ஒவ்வொரு கிலோவையும் போட்டிக்கு முன்பு பட்டினியாலும் வியர்வையாலும் இறக்க வேண்டியிருக்கும். வினேஷின் தகுதி நீக்கத்திற்குத் தசை வளர்ச்சிதான் காரணம் என்று சொல்ல இடமில்லை. முதல்நாள் மூன்று போட்டிகளுக்குப் பின் ஏறிய எடையை ஓர் இரவுக்குள் இறக்க முடியாமற்போனதே அங்கு நிகழ்ந்தது. ஆனால் அந்த 100 கிராம், எடைப்பிரிவு வீரர்களின் வாழ்க்கை எவ்வளவு மெல்லிய கோட்டின்மீது நடக்கிறது என்பதை நாட்டுக்கே காட்டியது.

கர்நாடகத்தின் குருராஜா பூஜாரியின் கதை இங்கே பொருத்தமானது. உடுப்பி மாவட்டம் குந்தாப்பூர் பகுதியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் மகன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சுஷில் குமார் பதக்கம் வென்றதைக் கண்டு மல்யுத்த ஆசையில் தொடங்கியவர், உஜிரே கல்லூரி நாட்களில் பளுதூக்குதலுக்கு மாறினார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 56 கிலோ பிரிவில் 249 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2022 பர்மிங்காமில் 61 கிலோ பிரிவில் 269 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். 56 கிலோ உடலோடு 138 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டிய ஒருவருக்கு, பருமனாகாமல் பலமாவது விருப்பத்தேர்வன்று, நிபந்தனை. தமிழகத்தில் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் 328 கிலோவும், 2018-இல் 317 கிலோவும் தூக்கி 77 கிலோ பிரிவில் இருமுறை தங்கம் வென்றபோதும் நிபந்தனை அதுவே. இரண்டாவது தங்கத்தை அவர் தொடை வலியைத் தாங்கிக்கொண்டே வென்றார். இவர்களெல்லாம் எழுந்தது மாவட்ட அளவிலான எளிய கூடங்களிலிருந்து. அங்கே எத்தனை பேர் இடையில் முதுகையோ முழங்காலையோ இழந்து வீடு திரும்பினார்கள் என்பதற்குப் பதக்கப் பட்டியலில் இடமில்லை.

எறிதல் போன்ற விளையாட்டுகளில் வேகத்தின் முக்கியத்துவம் இன்னும் வெளிப்படையானது. 2025 மே மாதம் தோஹாவில் நீரஜ் சோப்ரா 90.23 மீட்டர் எறிந்த ஈட்டியின் எடை 800 கிராம். அத்தனை தூரம் செல்ல, கையிலிருந்து விடுபடும்போது ஈட்டிக்கு வினாடிக்கு 30 மீட்டர் அளவிலான வேகம் வேண்டும். கனமான பளுவை நிதானமாகத் தூக்கித் தூக்கிச் சோர்ந்த உடலால் அந்த வேகத்தைத் தர இயலாது.

கருவி சொல்லாதவை:

வேகவழிப் பயிற்சியின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். முழு முயற்சியோடு தூக்கினால் மட்டுமே எண்ணுக்குப் பொருள் உண்டு. முதல் முறையை வேண்டுமென்றே மெதுவாகத் தூக்கும் மாணவர், வேக இழப்பைக் குறைத்துக் காட்டிக் கூடுதலாகச் சில முறை தூக்கிக்கொள்ளலாம். சீக்கிரம் ஓய விரும்புபவர் நடுவில் தளர்ந்தாலே போதும். ஒருவருக்குப் பொருந்தும் வேகம் அடுத்தவருக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. உச்ச எடையைத் தூக்கும் வேகம் பெஞ்ச் பிரஸ்ஸில் 0.16 என்றால், ஸ்குவாட்டில் அது ஏறத்தாழ 0.3 மீட்டர். இயக்கம் மாறினால் எண்ணும் மாறும்.

ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய போட்டி இயக்கங்களில் நிலைமை மேலும் சிக்கலானது. ஸ்குவாட்டில் கம்பி ஊர்ந்தேனும் மேலே வந்துவிடும். ஸ்னாட்ச்சில் குறிப்பிட்ட வேகத்தை எட்டாத கம்பி மேலே வராது, முயற்சியே தோற்றுவிடும். அதோடு, கம்பி உடலோடு ஒட்டி வந்ததா, விலகிச் சென்றதா என்பதை வேகம் மட்டும் சொல்லாது. அதைக் காண அனுபவமுள்ள பயிற்சியாளரின் கண் தேவை. பளுதூக்கும் வீரர்களுக்கு இம்முறை பெரிதும் கைகொடுப்பது ஸ்குவாட் போன்ற துணைப் பயிற்சிகளில்தான்.

அடுத்தது விலை. ஸ்லோவாக்கியாவின் டெண்டோ, ஆஸ்திரேலியாவின் ஜிம்அவேர் போன்ற கருவிகள், கம்பியில் கட்டிய நூல் எவ்வளவு விரைவாக இழுபடுகிறது என்பதைக் கொண்டு வேகத்தை அளப்பவை. இவற்றுள் உயர்தரமானவற்றை இறக்குமதி செய்ய ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். பல்லாரி மாவட்டம் விஜயநகரில் 2018-இல் தொடங்கப்பட்ட இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவனம், பெங்களூருவில் 2024-இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் வாரியத்தின் உயர்திறன் மையம் போன்ற இடங்களுக்கு இது ஒரு பொருட்டன்று. மாவட்ட விளையாட்டு விடுதிகளுக்கோ, அந்தத் தொகையில் புதிய கம்பியும் தட்டுகளும் வாங்கலாமே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான்.

ஆனால் கருவி வாங்க வழியில்லாத இடங்களுக்கும் கணக்கு இருக்கிறது. இன்றைய கைபேசிகள் பலவற்றில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கக் காணொலி வசதி உள்ளது. ஸ்பெயின் ஆய்வாளர் கார்லோஸ் பால்சலோப்ரே உருவாக்கிய கைபேசிச் செயலி இந்த வசதியைத்தான் பயன்படுத்தியது. செயலியும் இல்லாமல் கையாலேயே கணக்கிடலாம். ஸ்குவாட்டில் கம்பி மேலெழும் தூரத்தை நாடாவால் அளந்தபோது 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முதல் முறை எழ 180 படங்கள், அதாவது 0.75 வினாடி ஆனது. வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். அதே தூரத்திற்கு 225 படங்கள் ஆகும்போது வேகம் 0.64 மீட்டராகிவிடும். சரியாக 20 சதவீத இழப்பு. தூரம் மாறாததால், பயிற்சியாளர் படங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு செட்டிற்கும் இதைச் செய்வது நடைமுறையில் கடினம். வாரத்திற்கு ஒரு நாள், ஒரு மாணவருக்கு ஒரு செட் என்று செய்தாலே, எத்தனையாவது முறையில் அவரது வேகம் உடைகிறது என்பது தெரிந்துவிடும். மற்ற நாட்களில் அந்த எண்ணிக்கையை ஒட்டி நிறுத்தலாம்.

இதற்குத் தேவைப்படுவது பணத்தைவிடப் பயிற்சியாளருக்கான பயிற்சியே. 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் முதல், 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வரை, பயிற்சியாளர்களை உருவாக்கும் அமைப்புகள் நாட்டில் இருக்கின்றன. அங்கே கற்றவை கன்னடத்திலும் தமிழிலும் எளிய கையேடாக மாவட்டக் கூடத்தின் சுவரில் ஒட்டப்படும்போதுதான் கிராமத்துச் சிறுவனைச் சென்றடையும். இம்முறையைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மட்டுமே கிடைப்பது, இந்தச் செய்தியைத் தொகுக்கும்போது மீண்டும் மீண்டும் உறுத்திய ஒன்று.

வேக எண்கள் தேர்வாளர்களின் கைக்குப் போகும்போது இன்னொரு கவலையும் எழுகிறது. அன்று காய்ச்சலோடு வந்த சிறுமியின் மெதுவான கம்பி, அவளுக்கு ஓய்வு தருவதற்கான குறிப்பு. அதுவே விடுதியிலிருந்து அவளை நீக்குவதற்கான சான்றாக மாறினால், அடுத்த முறை அவள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு தூக்குவாள். எண் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதை முதல் நாளே மாணவரிடமும் பெற்றோரிடமும் தெளிவுபடுத்த வேண்டியது பயிற்சியாளரின் கடமையாகிறது.

2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகளின் பட்டியலில் 10 விளையாட்டுகள் மட்டுமே இடம்பெற்றுள்ளன. மல்யுத்தம் நீக்கப்பட்டுவிட்டது, பளுதூக்குதல் நீடிக்கிறது. 2030 போட்டிகளை அகமதாபாத் நடத்தவுள்ளது. அதில் களமிறங்கும் வயதை எட்டப்போகும் சிறுவர் சிறுமியர் இப்போது ஏதோ ஒரு மாவட்டக் கூடத்தில், சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துப் பத்து முறை எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.